பால் நிற டியூப்களும் நான்காவது இன்ஜெக்ஷனும்

முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக வைத்த பிளாஸ்மா டியூப்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று, வழக்கமான வெளிர் மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. ரேக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தம்பி, “அக்கா, இது பிளாஸ்மாவா, பச்சை பாக்கெட் பாலா?” என்றான். அவன் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

ஏன் பால் நிறம் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அது சாப்பிட்ட பிறகு மருந்து கொடுத்து, ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஆய்வு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லும் கொழுப்புக் காலை உணவு 800 முதல் 1000 கலோரி வரை இருக்கும், அதில் பாதி கொழுப்பிலிருந்து வரவேண்டும். வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு தம்ளர் கொழுப்பு நீக்காத பால். பன்றி இறைச்சியின் இடத்தில் இங்கே கோழி. முப்பது நிமிடத்துக்குள் இதைச் சாப்பிட்டு முடித்தவரிடம் மாத்திரையைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் குடலிலிருந்து கிளம்பிய கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துளிகள் பிளாஸ்மாவில் மிதக்கத்தானே செய்யும்? அந்த வெண்மையில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை. இதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருந்து கார்வெடிலால். ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படுவது. திடீரென்று எழுந்து நிற்கும்போது தலை சுற்றாமல் இருக்க, உணவோடு சாப்பிடச் சொல்லும் மருந்து. 36 பேர், இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு 18 முறை ரத்தம், ஆக 1,296 சாம்பிள். முறை ரொம்பப் பழைய பாணி. பிளாஸ்மாவில் மெத்தனால் ஊற்றிப் புரதத்தை வீழ்த்தி, சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்து மாஸ் ஸ்பெக்கில், அதாவது மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்து அளக்கும் கருவியில், போடுவது. ஒப்பீட்டுக்கு இன்டர்னல் ஸ்டாண்டர்டாக, அதாவது எல்லா சாம்பிளிலும் ஒரே அளவில் சேர்க்கும் துணைப் பொருளாக, ப்ரோப்ரனலால். டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன், ஏற்றிய கார்வெடிலால் வாங்கியிருக்கலாம். விலை பார்த்துத் தள்ளிப்போட்டோம்.

இன்னொரு சொல் விளக்கம். மாஸ் ஸ்பெக்குக்கு முன்னால் பொருள்களைப் பிரிக்கும் சி18 குழாயை ஆய்வகத்தில் எல்லாரும் காலம் என்றுதான் சொல்கிறோம். இங்கே அப்படி எழுதினால் நேரக் கணக்கோடு குழம்பும், இந்தக் கதையே நேரக் கணக்குதான். அதனால் குழல் என்று எழுதுகிறேன்.

என்ன நடந்தது

1,296 சாம்பிளையும் ஓட்டி முடித்தோம். எல்லா பேட்சும் தேறியது. தெரிந்த அளவு மருந்து சேர்த்த தரக்கட்டுப்பாட்டு சாம்பிள்கள் வரம்புக்குள், அளவீட்டுக் கோடு நேர்க்கோடு. அப்புறம் மறு அளவீடு. ஏற்கெனவே அளந்த சாம்பிள்களில் ஒரு பகுதியை வேறொரு நாளில் மீண்டும் எடுத்து அளந்து, முதல் விடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கட்டாயம். முதல் ஆயிரத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். எங்கள் கணக்குக்கு 115 சாம்பிள் வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்காவது முதல் அளவோடு 20 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கவேண்டும், அதாவது குறைந்தது 77.

வந்தது 69. தேறாதவை 46. சில கூடுதல், சில குறைவு, கண்ணுக்குத் தெரிந்து எந்த ஒழுங்கும் இல்லை.

இதே மருந்தை வெறும் வயிற்றில் கொடுத்த ஆய்வு மூன்று மாதம் முன்பு இதே முறையில் சிக்கலில்லாமல் தேறியிருந்தது. வெறும் வயிறு தேறியது, சாப்பிட்ட வயிறு தேறவில்லை, டியூப் வேறு பால் மாதிரி இருக்கிறது. இதற்கு மேல் யாருக்கு யோசிக்கத் தோன்றும்? கொழுப்புதான் காரணம் என்று அன்று மாலையே கூட்டக் குறிப்பில் எழுதியாகிவிட்டது. எழுதியது நான்தான்.

ஒன்பது நாள் பாலைத் துரத்தியது

பால் நிறத்தைச் சந்தேகிக்க நியாயமான காரணங்களும் இருந்தன. கார்வெடிலால் கொழுப்பில் கரையும் மருந்து. உறைந்து உருகிய கலங்கல் பிளாஸ்மாவில் கொழுப்பு மேலே ஏடு கட்டும். சரியாகக் கலக்காமல் பிப்பெட்டை விட்டால் ஒரு முறை ஏடு வரும், ஒரு முறை அடி வரும். அதனால் முதலில் கலக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினோம். மாற்றம் இல்லை. பிறகு நல்ல பிளாஸ்மாவில் இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கலவையைக் கலந்து செயற்கையாகப் பால் நிறம் உண்டாக்கி, அதில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து அளந்தோம். விடை கச்சிதம். 15 சதவீத வரம்பின் ஓரத்துக்குக்கூடப் போகவில்லை.

இங்கேயே நாங்கள் நின்று யோசித்திருக்கவேண்டும். இன்ட்ராலிப்பிட் 20 சதவீதம் என்பது சோயா எண்ணெய், அதைக் கலக்கி வைக்க 1.2 சதவீதம் முட்டை பாஸ்போலிப்பிட், அது இன்னொரு வகைக் கொழுப்பு. பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு. மெத்தனாலில் ட்ரைகிளிசரைடு அவ்வளவாகக் கரையாது, புரதக் கட்டியோடு அடியில் போய்விடும். போகாமல் மேலே வந்த கொஞ்சமும் மாஸ் ஸ்பெக்கின் வாசலான எலக்ட்ரோஸ்ப்ரேயில் மின்னேற்றம் வாங்குவதில் மந்தம்தான். கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பு, கருவியை அதிகம் தொந்தரவு செய்யாத கொழுப்பு. ஆனால் அப்போது எங்களுக்குத் தோன்றியது வேறு: செயற்கைக் கொழுப்பு உண்மையான கொழுப்பைப் போல நடந்துகொள்ளவில்லை, இன்னும் நல்ல பால் நிறப் பிளாஸ்மா வேண்டும் என்று ரத்த வங்கிக்குக் கடிதம் எழுதினோம்.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு சாதாரண எண்ணிக்கை. தம்பி அந்த ரேக்கைப் பார்த்த நாளிலிருந்து கலங்கிய டியூப்களின் மூடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்காமலே. மறு அளவீட்டுப் பட்டியலில் இருந்த 115இல் புள்ளி வைத்தவை 31. அவற்றில் தேறாதவை 13. தெளிவாக இருந்தவை 84, அவற்றில் தேறாதவை 33. இரண்டு பக்கமும் 40 சதவீதத்தை ஒட்டித்தான். 24 மணி நேரத்து சாம்பிள், காலை உணவின் கொழுப்பெல்லாம் எப்போதோ தீர்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது, அதுவும் தேறாதவற்றில் இருந்தது.

ஒன்பது நாள் உழைப்பை அந்த நான்கு எண்கள் ஒன்றுமில்லாமல் ஆக்கின. அவற்றை முதல் நாளே போட்டுப் பார்த்திருக்கலாம்.

நான்காவது இன்ஜெக்ஷன்

சரி, பாலை விட்டுவிட்டு இன்டர்னல் ஸ்டாண்டர்டின் உச்சத்தின் பரப்பளவை, அதாவது கருவி காட்டும் சமிக்ஞையின் அளவை, இன்ஜெக்ஷன் (ஒரு சாம்பிளைக் குழலுக்குள் செலுத்துவது) வரிசைப்படி வரைந்து பார்த்தோம். எல்லா சாம்பிளிலும் ஒரே அளவு ப்ரோப்ரனலால் போடுகிறோம், எனவே கோடு தட்டையாக இருக்கவேண்டும். முதல் ஓட்டங்களில் தட்டையாகவே இருந்தது. மறு அளவீட்டு ஓட்டங்களில் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும். ஆக, மறு அளவீடுதான் பழுது, முதல் ஓட்டம் நல்லது என்று முடிவுகட்டினோம். அதுவும் தப்பு என்பது பிறகு தெரிந்தது.

ரம்பத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, “அக்கா, வெறும் சால்வென்ட் போட்ட இடத்துலருந்து எண்ணிப் பாருங்க” என்றான். அதிக அளவு மருந்துள்ள ஒவ்வொரு தரக்கட்டுப்பாட்டு சாம்பிளுக்குப் பின்னும், மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வெறும் கரைப்பானை ஒரு முறை இன்ஜெக்ட் செய்வது வழக்கம். அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதில் ப்ரோப்ரனலால் சட்டென்று உச்சத்துக்கு எகிறியிருந்தது. அடுத்த கரைப்பான், அதிலிருந்து நான்காவது, மறுபடி உச்சம். பேட்ச் முழுக்க அப்படியே.

இதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கமுடியும். ஒரு சாம்பிளிலிருந்து ஏதோ ஒன்று குழலில் தங்கி, மெதுவாக நகர்ந்து, நான்கு ஓட்டம் கழித்து வெளியே வந்து வேறொருவருடைய சாம்பிளின் உச்சத்தை அமுக்குகிறது. கரைப்பானில் அந்த ஏதோ ஒன்று கிடையாது, எனவே அதிலிருந்து நான்காவது இன்ஜெக்ஷன் மட்டும் அமுக்கப்படாமல் தன் முழு உயரத்தில் நிற்கிறது. எங்கள் ஒரு ஓட்டம் இரண்டரை நிமிடம், ஆட்டோசாம்ப்ளர் ஊசி கழுவி அடுத்ததை எடுக்கும் நேரமும் சேர்த்து 2.9 நிமிடம். நான்கு சுற்று 11.6 நிமிடம்.

அதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. 1999இல் போன்ஃபிக்லியோவும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதியது. குழலுக்கும் மாஸ் ஸ்பெக்குக்கும் நடுவே ஒரு ‘டி’ இணைப்பு போட்டு, சிரிஞ்ச் பம்ப் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடாமல் உள்ளே செலுத்துவது. திரையில் மருந்தின் சமிக்ஞை மேசை மாதிரி தட்டையாக ஓடும். அப்போது மருந்தில்லாத பிளாஸ்மாச் சாற்றைக் குழலில் இன்ஜெக்ட் செய்தால், சாற்றிலிருந்து அமுக்கும் பொருள் வெளியே வரும் நேரத்தில் மேசை குழிவிழும். எல்லாரும் இதை ஓட்ட நேரத்துக்குச் சமமாக, இரண்டரை நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவோம். அன்று நிறுத்தவில்லை. பம்பை ஓடவிட்டு எதிரிலிருந்த கடைக்கு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது திரையில் 8 நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு ஒரு பள்ளமும், 13 நிமிடத்தை ஒட்டி அகலமான இன்னொரு பள்ளமும் இருந்தன.

பள்ளத்தில் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள பாஸ்போலிப்பிட்களில் பெரும்பாலானவற்றின் தலையில் பாஸ்போகோலின் இருக்கிறது. கருவிக்குள் உடையும்போது அது நிறை எண் 184 கொண்ட துண்டாக விழும். அது ஒரு கைரேகை மாதிரி. 496இலிருந்து 184, 524இலிருந்து 184 என்று இரண்டு வழியைத் திறந்து வைத்தோம். 496 என்பது 16 கார்பன் கொழுப்பமிலம் ஒன்று மட்டும் ஒட்டிய லைசோபாஸ்பட்டிடைல்கோலின், 524 அதன் 18 கார்பன் அண்ணன். முதல் பள்ளம் 8.2 நிமிடத்தில் 496. இரண்டாவது 524.

எட்டே கால் நிமிடத்துக்காரன் இரண்டு சுற்று தாண்டி 2.4 நிமிடத்தில் விழுகிறான். அங்கே எங்கள் உச்சம் எதுவும் இல்லை. 524தான் வம்பு.

ஏன் அமுக்குகிறது

எலக்ட்ரோஸ்ப்ரேயில் திரவம் மின்னேறிய நுண்துளிகளாகச் சிதறி, காய்ந்து சுருங்கி, துளியின் மேற்பரப்பிலிருந்து அயனிகள் வாயுவுக்குத் தாவுகின்றன. மேற்பரப்பில் இடம் பிடித்தவனுக்குத்தான் வண்டி. லைசோபாஸ்பட்டிடைல்கோலின் பிறவியிலேயே சோப்பு மாதிரியான மூலக்கூறு. தலை நீரை விரும்பும், வால் வெறுக்கும். துளியின் விளிம்பில் போய் உட்காருவதற்கென்றே செய்தது போலிருக்கும். அதோடு எண்ணிக்கை வேறு. மொத்த பாஸ்போலிப்பிட் ஒரு மில்லி பிளாஸ்மாவில் தோராயமாக 2 மில்லிகிராம். நாங்கள் தேடும் கார்வெடிலால் அதே ஒரு மில்லியில் சில நானோகிராம். பத்து லட்சத்துக்கு ஒன்று என்கிற போட்டி.

இதை நாங்கள் கூடவே அழைத்தும் வந்தோம் என்பதுதான் வேடிக்கை. புரதத்தை வீழ்த்த மெத்தனால் ஊற்றினால் அசிட்டோநைட்ரைலைவிட அதிக பாஸ்போலிப்பிட் கரைந்து மேலே வரும். மெத்தனால் மலிவு. அசிட்டோநைட்ரைலுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் மாறிய பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முக்கியமாக, இந்த பாஸ்போலிப்பிட் எல்லாருடைய ரத்தத்திலும் எப்போதும் இருக்கிறது. ஒரு வேளை வெண்ணெய் ரொட்டி சாப்பிட்டால் ட்ரைகிளிசரைடு வெகுவாக ஏறும், பாஸ்போலிப்பிட் அப்படி ஏறாது. பால் நிற டியூபிலும் கண்ணாடி டியூபிலும் அது கிட்டத்தட்ட ஒரே நிலையில், நிறமில்லாமல் கரைந்து கிடக்கிறது. மாறுவது ஆளுக்கு ஆள்.

அழகான ஓட்டமும் பழுதுதான்

இனி ஒரு கணக்கு. முதல் ஓட்டங்களில் 524 வழியைத் திறந்து வைத்திருக்கவில்லை, ஆனால் அந்த நாள்களின் மொபைல் ஃபேஸ் (குழல் வழியாக ஓடும் கரைப்பான் கலவை) தயாரிப்புப் பதிவிலிருந்த அளவுப்படி மறுபடி கலந்து ஓட்டினோம். 524 வந்த நேரம் 13.2 நிமிடம். 11.6ஐக் கழித்தால் 1.6. கார்வெடிலால் வெளிவரும் நேரம் 1.6. மறு அளவீட்டு நாளின் கலவையில் அதே 524 வந்தது 12.7இல். கழித்தால் 1.1. ப்ரோப்ரனலால் வெளிவரும் நேரம் 1.1.

அதாவது முதல் ஓட்டங்களில் கொழுப்பு கார்வெடிலாலின் தலையில் உட்கார்ந்தது. ப்ரோப்ரனலால் தப்பித்தது, எனவே கோடு தட்டை, எல்லாம் அழகு. கார்வெடிலாலின் உச்சம் சாம்பிளுக்குச் சாம்பிள் எப்படியும் மாறத்தான் போகிறது, அதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு அமுக்கத்தால் என்று யார் கண்டது? மறு அளவீட்டில் கொழுப்பு ப்ரோப்ரனலாலின் தலைக்கு நகர்ந்ததும் கோடு ரம்பமானது, நாங்கள் கத்த ஆரம்பித்தோம். இரண்டு தடவையும் பழுதுதான். ஒன்று முகத்தைக் காட்டியது, இன்னொன்று காட்டவில்லை. தரக்கட்டுப்பாட்டு சாம்பிள்களும் அளவீட்டு சாம்பிள்களும் பலருடையதைக் கலந்த ஒரே பொதுப் பிளாஸ்மாவில் தயாரித்தவை, அவற்றின் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்று, அதனால் அவை ஒன்றையொன்று பார்த்துத் தேறிக்கொண்டே இருந்தன. 36 தனி மனிதர்களின் பிளாஸ்மா அப்படி இல்லை.

அரை நிமிடம் நகர எவ்வளவு மாற்றம் தேவைப்பட்டது என்றால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு லிட்டர் மொபைல் ஃபேஸில் இரண்டு மூன்று மில்லி மெத்தனால். அளவுஜாடியில் திரவத்தின் வளைகோட்டைக் குனிந்து பார்க்காமல் நின்றபடியே பார்த்தால் வருகிற வித்தியாசம். நீண்ட வாலுள்ள கொழுப்பு மெத்தனால் சதவீதத்துக்கு மருந்தைவிடக் கூடுதலாக அசையும். அதோடு 13 நிமிடத்தில் 4 சதவீதம் என்றால் அரை நிமிடம். 1.6 நிமிடத்து கார்வெடிலால் அசைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. உச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எனவே குரோமட்டோகிராபி, அதாவது குழலில் பிரிக்கும் வேலை, சரியாக இருக்கிறது என்று நாங்கள் நம்பியதும் அதனால்தான்.

சரிபார்ப்பில் ஏன் சிக்கவில்லை

முறையைச் சரிபார்த்தபோது ஆறு தனித்தனி நபர்களின் பிளாஸ்மாவில் சோதித்திருந்தோம், ஐசிஎச் எம்10 என்ற சர்வதேச வழிகாட்டி கேட்பது போல. மெர்க் நிறுவனத்தின் மட்டுஷெவ்ஸ்கி குழு 2003இல் வகுத்துக் கொடுத்த கணக்கையும் போட்டிருந்தோம்: வெறும் கரைசலில் மருந்து, பிரித்தெடுத்த சாற்றில் பின்னால் சேர்த்த மருந்து, பிளாஸ்மாவிலேயே முன்னால் சேர்த்த மருந்து, மூன்றையும் ஒப்பிட்டு அமுக்கம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்று பிரிப்பது. எல்லாம் நன்றாகவே இருந்தது. அன்றைய ஓட்டம் நாலரை நிமிடம். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் குழலை 95 சதவீத மெத்தனாலால் கழுவும் ஒரு கட்டம் அதில் இருந்தது.

வெறும் வயிற்று ஆய்வும் அந்த நாலரை நிமிடத்தில்தான் ஓடியது. அதன்பின் வேலை குவிந்தது, 1,296 சாம்பிளை நாலரை நிமிடத்தில் ஓட்டினால் எத்தனை நாள் என்று ஒருவர் கணக்குப் போட்டார், கழுவும் கட்டம் போனது. பகுதிச் சரிபார்ப்பு என்று ஒரு பேட்ச் ஓட்டினோம், பொதுப் பிளாஸ்மாவில். தேறியது. தேறாமல் எப்படி இருக்கும்?

வெறும் வயிறா, நிறைந்த வயிறா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வித்தியாசம் உண்மையில் இரண்டு நிமிட வித்தியாசம்.

பழைய குழலைக் கழற்றித் தூக்கிப் போடுமுன் ஐசோப்ரோப்பனாலும் அசிட்டோநைட்ரைலும் கலந்து அரை மணி நேரம் கழுவிப் பார்த்தோம். இரண்டு வால் கொண்ட முழு பாஸ்பட்டிடைல்கோலின்கள், 758, 786 எண்காரர்கள், இரண்டரை நிமிட ஓட்டங்களில் வெளியே வரவே வராதவர்கள், மழைக்கால ஓடை மாதிரி வந்துகொண்டே இருந்தார்கள்.

என்ன மாற்றினோம்

சிர்கோனியா பூசிய தட்டுகள் சந்தையில் இருக்கின்றன. பாஸ்பேட் தலையைப் பிடித்து பாஸ்போலிப்பிட்டை நிறுத்திக்கொண்டு மருந்தை விட்டுவிடும். நல்ல பொருள், ஆயிரக்கணக்கான சாம்பிளுக்கு எங்கள் பட்ஜெட் தாங்காது. திரவப் பிரித்தெடுப்புக்குத் திரும்பினோம்: பிளாஸ்மாவைக் காரமாக்கி மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதரில் குலுக்குவது. கார்வெடிலால் ஈதருக்குப் போகும், லைசோ வகைகள் பெரும்பாலும் நீர்ப்பகுதியில் தங்கிவிடும், இரண்டு வால்காரர்கள் கொஞ்சம் வரத்தான் செய்வார்கள். அதற்காகக் கழுவும் கட்டத்தையும் திரும்பக் கொண்டுவந்தோம். கைவேலை அதிகம், நைட்ரஜனில் காயவைக்கும் நேரம் அதிகம், ஈதர் வாடை வேறு.

டியூட்டீரியம் ஐந்து ஏற்றிய கார்வெடிலாலையும் (டி5) வாங்கினோம். வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். 2007இல் வெளியான ஒரு கட்டுரை இதே கார்வெடிலாலைப் பற்றியது, வாங், சைரோனாக், யாங் என்ற மூவர் எழுதியது. அவர்களிடம் டியூட்டீரியம் ஏற்றிய ஸ்டாண்டர்டே இருந்தது. ஆனாலும் குறிப்பிட்ட இரண்டு பிளாஸ்மாவில் விடை விலகியது. டியூட்டீரியம் ஏறிய மூலக்கூறு குழலிலிருந்து மருந்துக்கு மயிரிழை முன்பின்னாக வெளிவந்தது, அமுக்கப் பள்ளத்தின் சரிவில் இரண்டும் வெவ்வேறு ஆழத்தில் நின்றன, விகிதம் மாறியது. கார்பன் 13 ஏற்றியது இந்த விஷயத்தில் நம்பகமானது, விலை அதற்கேற்றபடி. எங்கள் ஓட்டத்தில் பள்ளமே இல்லாத இடத்தில் மருந்தை வைத்த பிறகுதான் டி5ஐ நம்பினேன்.

ஆறு பிளாஸ்மா, கூடவே சிவப்பணுக்கள் சிதைந்த ரத்தத்தின் பிளாஸ்மா ஒன்று, ஒரு கொழுப்புப் பிளாஸ்மா என்று முழுச் சரிபார்ப்பையும் முதலிலிருந்து செய்தோம். 1,296 சாம்பிளையும் மறுபடி ஓட்டினோம். மறு அளவீட்டில் 115க்கு 109. இப்போது எல்லா பேட்சிலும் 496, 524, 758 மூன்றும் பின்னணியில் ஓடுகின்றன. மருந்தின் உச்சத்தின் கீழே அவை தலைகாட்டினால் பேட்ச் நிற்கும். மொபைல் ஃபேஸை இப்போது ஜாடியில் அளப்பதில்லை, தராசில் நிறுத்துக் கலக்கிறோம்.

தம்பி இன்னமும் கலங்கிய டியூப்களின் மூடியில் புள்ளி வைக்கிறான். எதற்கென்று கேட்டால், “தப்பு அதுல இல்லன்னு சொல்லவும் கணக்கு வேணும்ல அக்கா” என்கிறான்.